செடி வாடுகிறதா? இலையை விட்டு மண்ணைப் பாருங்கள்: சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுச் செடிகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்காலம் உள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. "குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள்", "தினமும் இலைகளில் நீர் தெளியுங்கள்", "தெற்கு ஜன்னலோரம் வையுங்கள்" என்பார்கள். இவை எதையும் சிங்கப்பூரில் அப்படியே கடைப்பிடிக்க முடியாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். செடி உறங்கும் பருவம் என்று ஒன்று இங்கே கிடையாது. காற்றில் ஈரமும் தாராளம்.

அப்படியும் வீட்டுக்குள் செடிகள் சாகின்றன என்றால், பெரும்பாலும் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன: வெளிச்சம் குறைவு, தண்ணீர் அதிகம். வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். ஊற்றுகிற கை மட்டும் குறைவதில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே அறிகுறிக்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் இருக்கும். இலை தாகத்தாலும் மஞ்சளாகும், நீர் தேங்கியும் மஞ்சளாகும். படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். எதையும் வாங்கும் முன் கீழே உள்ள மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன் மூன்று சோதனைகள்

குச்சி. சாத்தே குத்தும் மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடி வரை செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். உருவும்போது கறுத்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம். வெளிறி, சுத்தமாக வந்தால் காய்ந்திருக்கிறது. விரலை விட்டுப் பார்ப்பது மேல்மண்ணுக்கு மட்டும்தான் உதவும். இங்கே மேல்மண் மின்விசிறிக் காற்றில் இரண்டே நாளில் உலர்ந்துவிடும், அடிமண் பத்து நாள் சொதசொதவென்று கிடக்கும்.

தொட்டியின் அடி. தூக்கிப் பாருங்கள். துளை இருக்கிறதா? துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை அழகுக்காக ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தால், பீங்கானின் அடியில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது? வரவேற்பறைச் செடிகளில் பாதி இப்படித்தான் மூழ்குகின்றன, வெளியே தெரிவதே இல்லை.

வீட்டார். "இதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்று எல்லாரையும் கேளுங்கள். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அத்தை ஒரு செம்பு, வீடு துடைத்து முடித்ததும் பணிப்பெண் ஒரு குவளை, சனிக்கிழமை நீங்கள் ஒரு குவளை. யார்மீதும் தவறில்லை, செடிதான் பாவம். பொறுப்பை ஒருவரிடம் மட்டும் ஒப்படைத்தாலே பாதிச் செடிகள் தேறிவிடும்.

## அடி இலைகள் மஞ்சளாகின்றன

எத்தனை இலைகள், எவ்வளவு வேகமாக என்று கவனியுங்கள். எப்போதாவது ஒன்று, அதுவும் ஆகக் கீழே இருக்கும் பழைய இலை என்றால் அது முதுமை. கிள்ளிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

ஒரே வாரத்தில் நாலைந்து இலைகள் மஞ்சளாகி, குச்சியும் ஈரமாக வந்தால் தண்ணீர் அதிகம். வேருக்கும் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் நீர் நிரம்பி நின்றால் ஆக்சிஜன் போக வழியில்லை, வேர் அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் நீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுவது போல வாடும். பார்க்கிறவர் இரக்கப்பட்டு இன்னும் ஊற்றுவார். சிங்கப்பூர் வீடுகளில் மணி பிளாண்ட் சாகும் கதை பெரும்பாலும் இதுதான்.

உடனே செய்ய வேண்டியது: ஊற்றுவதை நிறுத்துங்கள். செடியை ஜன்னலுக்கு அருகே, ஆனால் நேர்வெயில் படாமல் நகர்த்துங்கள். மின்விசிறிக் காற்று படட்டும். குச்சியால் மண்ணில் ஏழெட்டு இடங்களில் குத்திக் காற்றுக்கு வழி செய்யுங்கள். உரம் போடாதீர்கள். நோயாளி வேருக்கு உரத்தின் உப்பு கூடுதல் சுமை.

பத்து நாள் கழித்தும் அடிமண் காயவில்லையென்றால் பழுது மண்கலவையில். மூட்டையில் மலிவாகக் கிடைக்கும் தோட்டமண் நிலத்தில் போட ஏற்றது. தொட்டிக்குள் அது களிமண்ணாக இறுகிவிடும். தென்னை நார்த்தூளோ நல்ல தொட்டிமண்ணோ ஒரு பங்கு, பெர்லைட், பியூமிஸ் என்னும் இலேசான கல்துகள்கள், அல்லது நாற்றுப்பண்ணைகளில் 'பர்ன்ட் எர்த்' என்று விற்கும் சுட்டமண் கட்டி இன்னொரு பங்கு என்று பாதிக்குப் பாதி கலந்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்குப் போதும். தொட்டியையும் ஒரேயடியாகப் பெரிதாக்காதீர்கள். பழையதைவிட இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலம் கூடினால் போதும். சிறு வேர்க்கட்டியைப் பெரிய தொட்டியில் வைத்தால் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தைக் குடிக்க வேர் இருக்காது.

குச்சி உலர்ந்து வந்து, தொட்டியும் இலேசாகத் தூக்க வந்தால் வெறும் தாகம். அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தினம் அரைக் குவளை ஊற்றுவதைவிடக் காய்ந்தபின் ஒருமுறை முழுதாக நனைப்பது நல்லது.

ஈரமும் சரி, வெளிச்சமும் சரி, ஆனால் மாதக்கணக்கில் பழைய இலைகள் மெல்ல மெல்ல வெளிறுகின்றன என்றால் பசி. பழைய இலையிலுள்ள நைட்ரஜனை உருவித்தான் செடி புதிய இலைக்குக் கொடுக்கிறது. திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு கரைத்து மாதம் ஒருமுறை கொடுங்கள். மெல்லக் கரையும் உருண்டை உரம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஆறு மாதம் நீடிக்கும்" என்று பொட்டலத்தில் இருப்பது வழக்கமாக 21 டிகிரி வெப்பத்தைக் கணக்கிட்டுச் சொல்வது. வெப்பம் ஏற ஏற அந்த உருண்டை வேகமாகக் கரையும். நம் வீட்டு வெப்பத்தில் அது ஆறு மாதம் தாங்காது.

## மண் நனைந்திருக்கிறது, செடியோ துவண்டு தொங்குகிறது

இது முந்தையதன் முற்றிய நிலை. காத்திருக்க நேரமில்லை.

1. செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணில் மழை வாசம் வரும். அழுகல் நாற்றம் வந்தால் உங்கள் சந்தேகம் சரி.
2. வேரைக் குழாய் நீரில் அலசுங்கள். வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ விறைப்பாக இருந்தால் உயிருள்ளது. கறுத்துக் கொழகொழவென்று, இழுத்தால் தோல் உரிந்து நரம்பு மட்டும் மிஞ்சினால் செத்தது.
3. செத்ததை எல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தயவுதாட்சண்யம் வேண்டாம்.
4. வேர் பாதி போய்விட்டதென்றால் இலையிலும் மூன்றிலொரு பங்கைக் குறையுங்கள்.
5. புதிய, காற்றோட்டமான கலவையில், மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறு தொட்டியில் நடுங்கள். ஒருமுறை நனைத்து, பிறகு மேற்பாதி காயும்வரை தொடாதீர்கள்.

வேரே மிஞ்சவில்லையா? மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான் போன்ற கொடிகளில் தண்டில் கணு இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் விடும். கணு இல்லாத வெறும் இலைக்காம்பை மாதக்கணக்கில் தண்ணீரில் வைத்திருந்தாலும் செடி வராது. அந்தக் கண்ணாடிக் குடுவையின் தண்ணீரை ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்ற வேண்டும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏறத்தாழ ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது முதலில் பார்க்கும் இடங்களில் பூச்சாடியும் தொட்டித் தட்டும் உண்டு.

ஸ்நேக் பிளாண்ட், ஸீஸீ (ZZ) செடி இரண்டும் தனி ரகம். அவை இலையிலும் கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைப்பவை. இலையின் அடி மெத்தென்று ஆகி, செடி சாய்ந்தால் அது எப்போதுமே அதிக நீர்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால்கூட அவை கோபித்துக்கொள்ளாது.

பீஸ் லில்லியைப் பார்த்துப் பயப்படவேண்டாம். தாகம் எடுத்தால் அது மொத்தமாகப் படுத்துவிடும், தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். மண் ஈரமாக இருந்தும் படுத்தால்தான் கவலை.

## ஊற்றிய தண்ணீர் நொடியில் கீழே ஓடிவிடுகிறது

பீட் (சதுப்புநில மக்கு) கலந்த மண்ணும் தென்னை நார்த்தூளும் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகும். பீட், நீரை ஏற்கவும் மறுக்கும். ஊற்றுவது அந்த இடைவெளி வழியே வழிந்து தட்டுக்குப் போகிறது, நடு மண் காய்ந்தே கிடக்கிறது. "நேற்றுத்தானே ஊற்றினேன்" என்று நாம் வியப்போம். தொட்டியின் பாதி உயரம் வரை நீருள்ள வாளியில் அரைமணி நேரம் உட்கார வையுங்கள். மேல்மண் கறுத்ததும் எடுத்து வடிய விடுங்கள். இது அடிக்கடி நடந்து, துளை வழியாக வேர்களும் எட்டிப் பார்த்தால் தொட்டி மாற்றும் நேரம் வந்துவிட்டது.

## இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

ஏர்கான் அறையில் இருக்கும் கலாத்தியா, பெரணி வகைகள் என்றால் முதல் சந்தேகம் உலர்ந்த காற்று. வரவேற்பறையில் ஈரக்காற்று, படுக்கையறையில் இரவு முழுதும் ஏர்கான் என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு தட்பவெப்பங்களை வைத்திருக்கிறோம். நீர் தெளிப்பதால் கிடைக்கும் ஈரம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். செடியை அந்த அறையைவிட்டு வெளியே வைப்பதுதான் தீர்வு. வெளியே இலவசமாகக் கிடைப்பதைப் படுக்கையறைக்குள் கருவி வாங்கி உண்டாக்குவானேன்? குறைந்தது, குளிர்காற்று நேராக வீசும் இடத்திலிருந்தாவது நகர்த்துங்கள்.

ஏர்கான் பக்கமே போகாத டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட், லக்கி பேம்பூ நுனிகள் கருகினால் தண்ணீரையும் உரத்தையும் பாருங்கள். நம் குழாய் நீரில் பற்களின் நலனுக்காக ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. இந்த மூன்றும் அதைத் தாங்காத சாதி. "தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும்" என்ற பழைய யோசனை இங்கே பலிக்காது. நம் குடிநீரில் கிருமிநீக்கத்துக்கு இருப்பது குளோரமின், அது எளிதில் ஆவியாகாது. ஃபுளோரைடும் எங்கும் போகாது. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாச் செடிகளுக்கும் காய்ச்சி வடித்த நீர் வாங்கத் தேவையில்லை. பெரும்பாலானவை குழாய் நீரில் நன்றாகவே வாழும். அந்த மூன்றுக்கு மட்டும் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ கொடுக்கலாம், இல்லையேல் நுனியைக் கத்தரித்துவிட்டு அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவு இருந்தால் உர உப்பு சேர்ந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு நீரை மெல்ல ஊற்றிக் கழுவி வடிய விடுங்கள். இதைக் குளியலறையில் செய்வது வசதி.

## இலையின் நடுவே வெளுத்த, காய்ந்த திட்டு

ஜன்னல் பக்கம் பார்த்த இலைகளில் மட்டும் இருந்தால் வெயில் சுட்டது. மேற்குப் பார்த்த வீடுகளில் பிற்பகல் 3 மணிக்குமேல் வரும் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் பலர் கேட்பது இது: "இதே இடத்தில்தானே ஆறு மாதமாக வைத்திருக்கிறேன், இப்போது ஏன்?" செடி நகரவில்லை, சூரியன் நகர்ந்தது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் பிற்பாதி வரை சூரியன் நமக்கு வடக்கே செல்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பரில் நிழலாக இருந்த வடக்கு ஜன்னலில் ஜூனில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் நுழையும். தெற்கு ஜன்னலுக்கு இது தலைகீழ். அதனால் "வடக்கு ஜன்னல் நிழல், தெற்கு ஜன்னல் வெயில்" என்ற பொதுவிதி இங்கே ஆண்டில் பாதிக்குத்தான் செல்லும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்துத் தொட்டிகளை இடம் மாற்றுவது நல்ல பழக்கம். இன்னொன்று, இங்கே உச்சிவெயில் கடிகாரத்தில் 12 மணிக்கு வருவதில்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. மதியம் 12 மணிக்கு வந்து பார்த்துவிட்டு "வெயில் படவில்லை" என்று முடிவு செய்யாதீர்கள்.

சுட்ட திட்டு ஆறாது. இலையில் பாதிக்குமேல் பச்சை இருந்தால் விட்டுவைக்கலாம். நிழலில் பழகிய செடியை வெயிலுக்குக் கொண்டுபோவதானால் இரண்டு வாரம் கொஞ்சங்கொஞ்சமாகப் பழக்குங்கள்.

## தண்டு நீள்கிறது, இலை சிறுக்கிறது, வரிகள் மறைகின்றன

வெளிச்சம் போதவில்லை. இதற்கு உரம், மருந்து, பிரார்த்தனை எதுவும் உதவாது.

நம் கண் மங்கிய ஒளிக்குப் பழகிக்கொள்ளும், அதனால் வரவேற்பறை நமக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். கைபேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றைப் பதிவிறக்கிப் பகலில் இலை இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியம் இல்லாவிட்டாலும் ஒப்பிட உதவும். வெளியே நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸை நெருங்கும். ஜன்னலிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உள்ளே, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், சில நூறு மட்டுமே காட்டும். மணி பிளாண்ட் அங்கே உயிரோடு இருக்கும், வளராது. எதிர்ப்புளோக் நெருக்கமாக நிற்கும் கீழ்த்தள வீடுகளில் ஜன்னலோரமே சில ஆயிரத்தைத் தாண்டாது.

தீர்வு இரண்டு. செடியை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் கொண்டுவருவது ஒன்று. முடியாதென்றால் வளர்ப்பு எல்இடி விளக்கை 20–30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து நாளுக்கு 10–12 மணி நேரம் எரியவிடுவது. நீண்ட கொடியைக் கணுவுக்கு மேல் வெட்டிவிடுங்கள், கீழிருந்து கிளைக்கும்.

வீட்டுக்குள் இடமில்லை என்று வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைபாதைக்குக் கொண்டுபோகிறவர்கள், தீப் பாதுகாப்பு விதிகளின்படி குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பது கூடவே கூடாது. கீழே நடக்கிறவர் தலை நம் பொறுப்பு.

## இலை பிசுபிசுக்கிறது

சமையலறைக்குப் பக்கத்துச் செடியா? ஜன்னல் கண்ணாடியையும் தடவிப் பாருங்கள். அதுவும் பிசுக்காக இருந்தால் குற்றவாளி தாளிப்பு. எண்ணெய்ப் புகை இலைமேல் படிந்து, அதில் சாம்பிராணிப் புகையும் தூசும் ஒட்டிக்கொள்ளும். சோப்பு ஒருதுளி விட்ட ஈரத்துணியால் துடைத்துவிட்டால் முடிந்தது. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களிலும் இதே வைத்தியம்.

கண்ணாடி சுத்தம், செடியும் அதற்கு நேர் கீழே தரையும் மட்டும் பிசுக்கு என்றால் பூச்சி. சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர் அது. எறும்பு வரிசை கட்டுவதும் அதற்காகத்தான், கறுப்புப் பூசணம் படிவதும் அதன்மேல்தான். இலைக்காம்பின் இடுக்கைப் பாருங்கள்.

## பூச்சிகள்

வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள் மாவுப்பூச்சி. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பிறகு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு தேக்கரண்டி, பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி, நன்றாகக் குலுக்கி மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். முதலில் ஒரே இலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. தேக்காவில் எளிதாகக் கிடைக்கும் பொருள்தான், ஆனால் வாசம் வீட்டை விட்டுப் போக நேரம் பிடிக்கும். அதனால் குளியலறையில் வைத்து அடியுங்கள். ஒருமுறை அடித்துவிட்டு வெற்றிவிழா கொண்டாடக் கூடாது. முட்டைகள் தப்பிவிடும். வாரம் ஒருமுறையாக ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். அதுவரை அந்தச் செடியைத் தனியாக வையுங்கள். எல்லாம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால் வேரைப் பாருங்கள், மண்ணுக்குள்ளேயே வாழும் மாவுப்பூச்சியும் உண்டு.

இலை மேலே பொடிப்பொடியாக வெளிறிய புள்ளி, அடியில் மெல்லிய வலை என்றால் சிலந்திப்பேன். வெள்ளைத் தாள்மேல் இலையைத் தட்டுங்கள், விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். வறண்ட காற்றை விரும்பும் இனம், ஆகவே ஏர்கான் அறையில் கொண்டாட்டம். குழாயடியில் இலையின் அடிப்பக்கத்தை அழுத்தமாகக் கழுவுவதே பாதி வைத்தியம், பிறகு மேலே சொன்ன வேப்பெண்ணெய்.

வெள்ளி பூசியதுபோல் கீறல், அதன்மேல் நுண்ணிய கரும்புள்ளிகள் என்றால் இலைப்பேன் (திரிப்ஸ்). இதுதான் ஆகப் பிடிவாதமானது. மோசமான இலைகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போடுங்கள். விலை குறைந்த செடி என்றால் முழுச்செடியையுமே தூக்கிப் போடச் சொல்வேன். மற்றவை பிழைக்கும்.

தொட்டியைச் சுற்றிப் பறக்கும் குட்டிக் கறுப்பு ஈக்கள் செடியின் நோயல்ல, ஈரத்தின் நோய். அவற்றின் புழுக்கள் மேல்மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் வாழ்கின்றன. மேல்மண்ணைக் காயவிட்டு, பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டுத்தாள் வையுங்கள். கொசுப் புழுவுக்கு எதிராகப் பயன்படும் பிடிஐ மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் இந்தப் புழுக்களும் சாகும். அரிசி கழுவிய தண்ணீர், வெங்காயத்தோல் ஊறிய தண்ணீர், கோப்பிச் சக்கை எல்லாம் ஊரில் கொல்லைப்புறத்தில் ஊற்றும்போது அருமை. அடுக்குமாடித் தொட்டியில் அவை புளித்து இந்த ஈக்களுக்குத்தான் விருந்தாகின்றன. வீட்டுக்குள் வேண்டாம்.

## துளசியும் கறிவேப்பிலையும்

நம் வீடுகளில் தவறாமல் இருப்பவை, வீட்டுச்செடிக் குறிப்புகளில் தவறாமல் விடுபடுபவை. இரண்டும் உள்ளே வாழப் பிறந்தவை அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் இரண்டும் மெல்லத் தேயும்.

துளசி அடியில் கறுத்துச் சாகிறது. பெரும்பாலும் தினப்பூசைத் தண்ணீர். வழிபாட்டை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். செம்பு நீருக்குப் பதில் ஒரு உத்தரணி ஊற்றுங்கள், சாமிக்குக் கணக்கு ஒன்றுதான். மண்ணில் சுட்டமண் கட்டியைப் பாதிக்குமேல் சேருங்கள். துளசி குச்சியாகி இலை உதிர்கிறது என்றால் கதிர் முற்றவிட்டிருக்கிறீர்கள். விதை வைத்ததும் அது தன் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்ளும். கதிர் தலைகாட்டும்போதே கிள்ளி அர்ச்சனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முற்றியதில் விதை எடுத்து இன்னொரு தொட்டியில் தூவி வைப்பதும் நல்லது. இந்தச் செடிக்கு ஆயுள் நீளமில்லை.

கறிவேப்பிலையின் புதுத்தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல, மண்ணின் காரத்தன்மை ஏறியதாலோ வேர் நெருக்கத்தாலோ நீர்த்தேக்கத்தாலோ. ஊரில் புளித்த மோர் ஊற்றும் வழக்கத்துக்குப் பின்னால் அந்த அமிலம் இருக்கிறது. ஆனால் நடைபாதைத் தொட்டியில் மோர் ஊற்றினால் இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான இரும்பு, இரும்புக் கீலேட் என்று கேட்டால் தோட்டக்கலைக் கடைகளில் கிடைக்கும். அதையே கொடுத்து, தொட்டியையும் ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

ஒரே இரவில் கறிவேப்பிலை மொட்டை. இலைமேல் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா? அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பதால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். வளர்ந்தபின் புழு பச்சையாகிவிடும், இலையோடு இலையாகக் கண்ணுக்குப் படாது. கையால் எடுத்துவிடுங்கள், மருந்து அடிக்காதீர்கள். நாளை ரசத்தில் போடப் போகிற இலை அது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு புழுவைக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்து வண்ணத்துப்பூச்சி வெளிவருவதைக் காட்டலாம். தழை மட்டும் தாராளமாகத் தேவைப்படும்.

## ஆர்கிட் பூத்து முடிந்தது, மறுபடி பூக்கவில்லை

சீனப் புத்தாண்டுக்குப் பரிசாக வந்த பெலனாப்சிஸ் என்றால் உங்கள் கைராசியைக் குறை சொல்லவேண்டாம். பூந்தண்டு விட அதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து குளுமை வேண்டும். நம் வெப்பம் இரவிலும் அவ்வளவாக இறங்குவதில்லை. இரவில் மட்டும் ஏர்கான் ஓடும் அறையில்கூடப் பகல் வெப்பம் மொட்டைத் தடுத்துவிடும். இலைச்செடியாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெப்பத்தை விரும்பும் டென்ட்ரோபியத்துக்கு மாறுங்கள். கேமரன் மலையிலிருந்து வரும் லாவெண்டர், ஹைட்ரேஞ்சியாவும் அதே கதை. பூங்கொத்து வாங்கியதாக நினைத்துக்கொண்டால் மனம் நோகாது.

## பயப்பட வேண்டாதவை

காலையில் மணி பிளாண்ட், மான்ஸ்டெரா இலைநுனியில் நீர்த்துளி சொட்டுவது, இரவில் வேர் உறிஞ்சிய மிகை நீர் வெளியேறுவது. மேல்மண்ணில் வெள்ளைப் பூசணம் மக்கும் பொருளை உண்பது, செடியை அல்ல. சுரண்டி எடுத்துவிட்டு நீரைக் குறைத்தால் போகும். கடையிலிருந்து வந்த முதல் மாதம் இரண்டு மூன்று இலை உதிர்வது இடமாற்றத்தின் அலுப்பு. அந்த மாதத்தில் தொட்டி மாற்றாமல், உரம் போடாமல் இருந்தால் தானே சரியாகும்.

2024 செப்டம்பரிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இருக்கிறது. பூனை இலையைக் கடித்து அதன் வாயில் நுரை தள்ளினால் அது செடியின் பிரச்சினை அல்ல, ஆனாலும் இங்கே சொல்லிவிடுகிறேன்: மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி எல்லாவற்றிலும் வாயைக் குத்தும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. தவழும் குழந்தைக்கும் இதே எச்சரிக்கை. எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

## பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் பாதி செத்திருக்கிறது

புறப்படும் முந்தின நாள் எல்லாத் தொட்டிகளையும் முழுதாக நனைத்து வடியவிட்டு, ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி, ஒன்றோடொன்று நெருக்கமாக வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் குடிப்பதும் குறையும் என்பது இங்கே நமக்கு உதவும். இரண்டு வாரம் வரை பெரும்பாலானவை இப்படியே தாங்கும். ஸ்நேக் பிளாண்டும் ஸீஸீயும் அதற்கு மேலும் தாங்கும், அவற்றை நனைக்கக்கூட வேண்டியதில்லை.

அதைவிட நீண்ட பயணம் என்றால் பருத்திக் கயிற்றுத் திரி போடலாம்: ஒரு முனை தொட்டி மண்ணுக்குள், மறுமுனை தண்ணீர்ப் புட்டியில். புட்டியின் வாயைக் கயிறு மட்டும் நுழையும்படி நாடாவால் இறுக்கமாக அடைத்துவிடுங்கள். தட்டில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போவது மட்டும் கூடாது. நீங்கள் சென்னையில் இருக்கும்போது இங்கே கொசு ஒரு தலைமுறையை முடித்திருக்கும். தட்டுகளை எடுத்துக் கவிழ்த்து வையுங்கள், இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள், அதன்மேல் தேங்கும் நீரும் கொசுவுக்குப் போதும்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதானால் வாயால் சொல்வதோடு விடாமல், ஒவ்வொரு தொட்டியிலும் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள்: "வாரம் ஒருமுறை, ஒரு கோப்பை" என்றோ, "ஊற்றவே வேண்டாம்" என்றோ. எழுதி வைக்காவிட்டால் பாசத்தில் தினமும் ஊற்றிவிடுவார்கள்.